நீளக்கொம்பனுக்குப் புதுப் பேரினம்: ஊரில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முப்பது வருடம் ஒரு பூச்சிச் சேகரிப்பு அறையில் உதவியாளராக இருந்தேன். ஊசி குத்துவது, சீட்டு ஒட்டுவது, பெட்டியில் அந்துருண்டை மாற்றுவது, வெளிநாட்டிலிருந்து வரும் ஆய்வாளர்களுக்குத் தேத்தண்ணி கலக்குவது, இதுதான் வேலை. பெயர் வைத்ததெல்லாம் அவர்கள். ஆனாலும் அத்தனை வருடம் பக்கத்தில் நின்றால் கொஞ்சம் படியத்தானே செய்யும். ஓய்வு பெற்று சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பிய பிறகு, ராத்திரியில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நீளக்கொம்பு வெட்டுக்கிளி தேடிச் செம்பனை ஓரம் நடக்கிற ஆள் என்று பெயராகிவிட்டது. ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால், "என்னண்ணே, புதுசா ஏதும் மாட்டிச்சா?" என்று ஆரம்பிக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், இது வெட்டுக்கிளியா, சில்வண்டா?

பார்க்க வெட்டுக்கிளி மாதிரி இருக்கும். சொந்தம் என்னவோ சுவர்க்கோழிக்குத்தான். பகலில் புல்லில் தாவும் சாதாரண வெட்டுக்கிளிக்கு உணர்கொம்பு குட்டையாக, தடியாக இருக்கும். நான் சொல்லும் பூச்சிக்கு அது தலைமுடி மாதிரி மெலிந்து, பெரும்பாலும் உடம்பையும் தாண்டி நீளும். வெட்டுக்கிளிக்குக் காது வயிற்றின் பக்கவாட்டில். இதற்கு முன்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே. சுவர்க்கோழிக்கும் காது அங்கேதான், ஆனால் அதன் பாதத்தில் கணு மூன்று, இதற்கு நான்கு. பகலில் மரத்தின் மேல் உட்கார்ந்து காதைக் கிழிக்கிறதே, அது வேறு சாதி. சாறு உறிஞ்சும் பூச்சி. நம் ஆட்கள் அதையும் சில்வண்டு என்கிறார்கள், சுவர்க்கோழியையும் சில்வண்டு என்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

தமிழில் இதற்கு ஊருக்கு ஒரு பெயர். என் பாட்டி 'பச்சப் பாச்சை' என்பார். மலாய்க்காரர்களுக்கு எல்லாமே பெலாலாங். நான் நீளக்கொம்பு வெட்டுக்கிளி என்றே எழுதுகிறேன். அதுவும் நீளம் என்பதால் வீட்டில் நீளக்கொம்பன். உலகம் முழுவதும் இந்தக் குடும்பத்தில் 8,000 இனங்களுக்கு மேல் பெயர் பெற்றிருக்கின்றன.

பின்னால் கத்தி மாதிரி இருக்கிறதே, கொட்டுமா?

கொட்டாது. அது பெண் பூச்சி முட்டையிடும் உறுப்பு. வாள் மாதிரியோ அரிவாள் மாதிரியோ பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். சுவர்க்கோழிக்கு அது ஊசி போல உருண்டை. சில இனங்கள் அந்த வாளால் இலையின் ஓரத்தைக் கிழித்து உள்ளே முட்டையைச் செருகும், சில மண்ணில் இறக்கும். பெரியவற்றைக் கையில் இறுக்கிப் பிடித்தால் வாயால் கடிக்கும், அது வலிக்கும். கத்திக்குப் பயப்பட வேண்டாம்.

புதிய இனம், புதிய பேரினம் என்று இரண்டு சொல்கிறீர்களே, என்ன வித்தியாசம்?

இனம் என்பது ஆள் என்றால், பேரினம் என்பது அவர் பிறந்த வீடு. புதிய இனம் என்றால், ஏற்கெனவே தெரிந்த வீட்டில் இதுவரை பார்க்காத ஒரு பிள்ளை. புதிய பேரினம் என்றால், தெரிந்த எந்த வீட்டிலும் இந்தப் பிள்ளை சேராது, இதற்குத் தனி வீடு வேண்டும் என்று சொல்வது. முதலாவதற்கு இந்தப் பிள்ளையை அதன் உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டால் போதும். இரண்டாவதற்குத் தெருவில் உள்ள எல்லா வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். 'புதுசு' என்று சொல்ல ஒரு ராத்திரி போதும். எந்த வீட்டிலும் சேராது என்று காட்டுவதற்குத்தான் வருடக்கணக்கில் ஆகிறது.

எப்படிக் காட்டுவார்கள்?

இது கொஞ்சம் நீளம்.

பூச்சி மேசைக்கு வந்ததும் எந்தத் துணைக்குடும்பம், அதாவது குடும்பத்துக்குள் எந்தப் பெரிய கிளை என்று பார்ப்பார்கள். முகம் சரிந்து தலை கூம்பு மாதிரி முன்னால் நீட்டியிருந்தால் கோனோசெஃபலினே பக்கம் போகலாம். உணர்கொம்பு முளைக்கும் குழியைச் சுற்றி விளிம்பு தூக்கலாக நின்றால் சூடோபில்லினே. முன்கால்களுக்கு நடுவே மார்பில் முள் இல்லாமல், இறக்கை இலை மாதிரி இருந்தால் ஃபேனராப்டெரினே ஆக இருக்கலாம். 'இலை மாதிரி' என்பதில்தான் பலரும் விழுவார்கள்.

தைப்பூசத்தில் உறுமி மேளக் குழுவைப் பாருங்கள். பன்னிரண்டு பேருக்கும் ஒரே நிறச் சட்டை. அதற்காக அவர்கள் அண்ணன் தம்பியா? சட்டையை விட்டுவிட்டு மூக்கையும் காது மடலையும் பார்த்தால்தான் யார் யாருக்குச் சொந்தம் என்று தெரியும். இலை போன்ற இறக்கை ஒரு சட்டை. பறவைக்கும் வௌவாலுக்கும் தப்பிக்க வேண்டிய பூச்சிகள் வெவ்வேறு வம்சங்களில் தனித்தனியாக அதைத் தைத்துப் போட்டுக்கொண்டன. அதை வைத்து வீடு பிரித்தால் தப்பாகிவிடும்.

அதனால் சட்டைக்குக் கீழே பார்க்க வேண்டும். உச்சந்தலை இரண்டு உணர்கொம்புகளுக்கு நடுவே எப்படி முடிகிறது, கூர்மையா, பள்ளம் விழுந்திருக்கிறதா? முன்காலில் உள்ள காது திறந்து தெரிகிறதா, இல்லை மடிப்புக்குள் ஒளிந்து கீறல் மாதிரி இருக்கிறதா? தொடையின் அடியில் முட்கள் எத்தனை, எந்தப் பக்கம்? இறக்கையின் நரம்புகள் எங்கே கிளை பிரிகின்றன? ஆணின் வால்முனையில் உள்ள கொக்கிகள் எப்படி வளைகின்றன? பெண்ணின் வாளில் பல் இருக்கிறதா?

இந்தக் கேள்விகளை வரிசையாக அடுக்கிய அட்டவணை ஒன்று உண்டு. ஆமாம் என்றால் இந்தப் பக்கம், இல்லை என்றால் அந்தப் பக்கம் என்று கிளை பிரிந்து போகும். ஏதோ ஓர் இடத்தில் ஆமாமும் பொருந்தாது, இல்லையும் பொருந்தாது. அப்போதுதான் ஆய்வாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். தேத்தண்ணி ஆறிப்போகும்.

அடுத்து, நெருக்கமாக வரும் ஒவ்வொரு பேரினத்தின் மாதிரி இனத்தையும் பார்க்க வேண்டும். பேரினம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இனம் நங்கூரம். அந்தப் பெயர் எந்தப் பூச்சியைக் குறிக்கிறது என்ற சண்டை வந்தால் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். படத்தில் பார்ப்பது பாதி பார்த்த மாதிரிதான். கையில் வைத்துப் பார்க்க வேண்டும். அது லண்டனில் இருக்கலாம், வியன்னாவில் இருக்கலாம்.

கடைசியில் எழுதும் பத்திக்கு வேறுபாட்டுக் குறிப்பு என்று சொல்லலாம். முழு வருணனை பக்கக்கணக்கில் போகும், வேறுபாட்டுக் குறிப்போ பத்து வரி. ஆனால் உயிர் அதில்தான். 'இன்ன பேரினத்தோடு இதில் ஒத்துப்போகிறது, இதில் ஒத்துப்போகவில்லை' என்று பக்கத்து வீடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பச்சை நிறம், நடுத்தர அளவு என்று எழுதினால் யாருக்கும் உபயோகமில்லை. நான் பார்த்தவரை, பிற்பாடு இடிந்து விழுந்த பேரினங்களில் பல ஒரே ஒரு வித்தியாசத்தின் மேல் கட்டியவை. முள் ஒன்று கூடுதல் என்பதற்காகத் தனி வீடு கேட்டவை.

பழைய பேரினத்திலேயே தனிக் கிளையாக வைத்தால் போகாதா?

பாகப்பிரிவினை பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? தம்பியைத் தனி வம்சம் என்று பிரித்து வைத்துவிட்டு, கூடப் பிறந்த அண்ணனைச் சித்தப்பா மகனோடு பழைய வீட்டில் விட்டால் கணக்கு உதைக்கும். தம்பிக்கு அண்ணன்தான் நெருக்கம், சித்தப்பா மகன் இல்லை. புதிய பேரினம் பிரிக்கும்போது, பழைய வீட்டில் மிஞ்சுகிறவர்களும் ஒரே மூதாதையின் முழு வம்சமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வீட்டையும் உடைக்க வேண்டியதுதான். சில சமயம் ஒரு புதிய பூச்சியால் மூன்று பழைய பேரினங்கள் கலைந்து போகும்.

எங்கே கோடு போடுவது என்பது மனிதர் முடிவு. ஒருவர் ஒரே வீடு என்பார், இன்னொருவர் இரண்டு என்பார். இருவரும் நல்ல ஆய்வாளர்களாகவே இருப்பார்கள். இதைச் சொன்னால் ஒட்டுக்கடையில், "அப்ப இது அறிவியலே இல்லையா?" என்கிறார்கள். சொந்தம் என்பது உண்மை. வேலியை எங்கே கட்டுவது என்பதுதான் பேச்சு.

ஏன் எப்போதும் ஆண் பூச்சியையே தேடுகிறீர்கள்?

பாடுவது பெரும்பாலும் ஆண். அதன் இறக்கையில் வாத்தியம் இருக்கிறது.

முதன்முதலில் நான் அதைப் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. காய்ந்த பூச்சியை ஈர மணல் பெட்டியில் ஒரு நாள் வைத்தால் மூட்டுகள் இளகும். இடது இறக்கையை ஊசி முனையால் மெல்லத் தூக்கித் திருப்பினார்கள். நுண்நோக்கியில் பார்த்தபோது, தோள்பட்டைக்குப் பக்கத்தில் தடித்த நரம்பு ஒன்று குறுக்கே ஓடியது. அதன் மேல் சின்னச் சின்னப் பற்கள், பேன் சீப்பை வளைத்து ஒட்டின மாதிரி. நடுவில் பெரிதாக, இரண்டு முனைகளிலும் சிறுத்து. வலது இறக்கையின் ஓரத்தில் அதை உரசும் விளிம்பு, அதற்குப் பக்கத்தில் சவ்வு மாதிரி பளபளக்கும் ஒரு வட்டம். அந்தச் சவ்வுக்கு ஆய்வாளர்கள் கண்ணாடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விளக்கைச் சாய்த்தால் நிஜமாகவே கண்ணாடி போல மின்னும்.

நீளக்கொம்பனுக்கு இடது இறக்கை மேலே, வலது கீழே. சுவர்க்கோழிக்குப் பெரும்பாலும் நேர் எதிர். பற்கள் எத்தனை, எவ்வளவு இடைவெளி, கண்ணாடி எந்த வடிவம் என்பதெல்லாம் இனத்தைப் பிரிக்கவும் பேரினத்தைப் பிரிக்கவும் உதவும். பெண் மட்டும் கிடைத்தால் பாதி அடையாளங்கள் கைக்கு வராது. இளசுகள் இன்னும் மோசம். மேக்ரோசைஃபஸ் என்ற பேரினத்தின் குஞ்சுகள் பார்க்க அப்படியே எறும்பு, வளர்ந்தால் வேறு உருவம்.

சத்தத்தை ஃபோனில் பதிவு செய்து அனுப்பலாமா?

அனுப்புங்கள், ஆனால் முழுதாக நம்ப முடியாது. மனிதக் காதுக்கு எட்டுவது நல்ல வயதில் 20 கிலோஹெர்ட்ஸ் வரை. என் வயதில் அதுவும் கிடையாது. ஃபோன் அதற்குச் சற்று மேலே நின்றுவிடும். நீளக்கொம்பன்கள் பல அதற்கும் மேலே பாடுகின்றன. கொலம்பியாவின் கோர்கோனா தீவில் கிடைத்து 2014இல் விவரிக்கப்பட்ட சூப்பர்சோனஸ் என்ற புதிய பேரினத்தில் ஓர் இனம் 150 கிலோஹெர்ட்ஸில் பாடுகிறது. பக்கத்தில் நின்றாலும் நமக்கு மயான அமைதி. அதற்கு இறக்கை சுருங்கி வெறும் வாத்தியமாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஓசைதான் அந்தப் பேரினத்தின் கதையே.

நம் நாட்டிலும் கேட்கத் தகுந்த ஒன்று உண்டு. உலு கோம்பாக்கில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கள நிலையம் இருக்கும் காட்டில் மெக்கோபோடா என்ற நீளக்கொம்பன் பேரினத்தின் ஆண்கள் கிட்டத்தட்ட இரண்டு விநாடிக்கு ஒருமுறை, ஒன்றோடொன்று தாளம் சேர்த்துப் பாடும். ஆய்வாளர்கள் அதை வைத்து நிறைய எழுதியிருக்கிறார்கள். பதிவு செய்கிறவர்கள் அன்றைய வெப்பநிலையையும் குறித்து வையுங்கள். குளிர்ந்தால் பாட்டின் வேகம் குறையும், அப்புறம் இரண்டு இனம் என்று நினைத்து ஏமாறுவோம்.

டி.என்.ஏ. பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடாதா?

உதவும். சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் 658 எழுத்துள்ள ஒரு துண்டைத்தான் பூச்சிகளுக்கு அடையாளப் பட்டையாக எடுப்பார்கள். பக்கத்துப் பக்கத்து இனங்களைப் பிரிக்க அது கெட்டி. வீடுகளுக்கு இடையே உள்ள பழைய சொந்தத்தைச் சொல்ல அது ஒன்று போதாது, இன்னும் பல மரபணுக்கள் வேண்டும். அதோடு, 1878இல் பெயர் பெற்ற பூச்சியின் டி.என்.ஏ.வை எடுக்க அருங்காட்சியகம் அதன் கால் ஒன்றை ஒடிக்க விட வேண்டுமே.

பழைய பூச்சிகளுக்கு அத்தனை மரியாதையா?

வேறு வழியில்லை. ஃபேனராப்டெரினே பக்கம் போகிற யாரும் ப்ருன்னர் வான் வாட்டன்வில் என்ற ஆய்வாளர் 1878இல் வெளியிட்ட பெரிய புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது. வருணனைகள் லத்தீனில் இருக்கும். அதற்குக் கொஞ்சம் முன்னால், 1869 முதல் 1871 வரை, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக வாக்கர் என்பவர் போட்ட பட்டியல்கள் வேறு. அவர் நாலு வரியில் பூச்சியை முடித்துவிடுவார், ஒரே பூச்சிக்கு இரண்டு பெயரும் வைத்துவிடுவார். அந்த நாலு வரியில் எந்தப் பூச்சி என்று தெரியாவிட்டால் அசலைத் தேடிப் போக வேண்டும்.

அசல் எல்லாம் தப்பிப் பிழைக்கவுமில்லை. கோலாலம்பூரில் முஸியம் நெகாரா 1963இல் திறப்பதற்கு முன் அதே இடத்தில் சிலாங்கூர் அருங்காட்சியகம் இருந்தது. 1945இல் விமானக் குண்டு விழுந்து ஒரு பகுதி போய்விட்டது. அந்தச் செய்தியை முதலில் கேட்டபோது எனக்குக் கட்டடம் ஞாபகம் வரவில்லை, உள்ளே இருந்த இழுப்பறைகள்தான் ஞாபகம் வந்தன.

கண்டுபிடித்தால் என் அம்மா பெயரை வைக்கலாமா?

வைக்கலாம். தமிழ்ச் சொல்லும் வைக்கலாம், ரோமன் எழுத்தில் எழுத வேண்டும். சொந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று விதியில் இல்லை, ஆனால் பின்னால் சிரிப்பார்கள். பேரினப் பெயருக்கு ஒரு கண்டிப்பு: விலங்குலகம் முழுவதிலும் அதே பெயர் வேறு பேரினத்துக்கு இருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் வாத்தலகு விலங்குக்கு 1799இல் பிளாட்டிபஸ் என்று பேரினப் பெயர் வைத்தார்கள். பார்த்தால் 1793லேயே அது ஒரு வண்டுக்குப் போயிருந்தது. விலங்குக்கு ஆர்னித்தோரிங்கஸ் என்று மாற்றினார்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் தப்பித்துக்கொள்ளலாம். செடிகளுக்குத் தனி விதி, அங்கே இருந்தால் பரவாயில்லை.

இன்னொன்று, பேரினப் பெயருக்கு ஆண்பால் பெண்பால் உண்டு, கூட வரும் இனப் பெயரின் முடிவு பல சமயம் அதற்கேற்ப மாறும். உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸ் 1758இல் கிரில்லஸ் எலாங்கேட்டஸ் என்று ஒரு பூச்சிக்குப் பெயர் வைத்தார். 1831இல் செர்வில் என்ற ஆய்வாளர் மெக்கோபோடா என்ற பெண்பால் பெயரில் ஒரு பேரினத்தை உண்டாக்க, பூச்சி அங்கே குடிபோனது, பெயர் மெக்கோபோடா எலாங்கேட்டா ஆனது. பெண்ணுக்கு வீடு மாறியதும் முதலெழுத்து மாறுகிற மாதிரி. வீடு மாறியதற்கு அடையாளமாக லின்னேயஸ் பெயரையும் ஆண்டையும் இன்றும் அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள்.

பேஸ்புக்கில் படம் போட்டுப் பெயர் சொன்னால் செல்லுமா?

செல்லாது. முறையான ஆய்விதழில் வர வேண்டும். மின்னிதழ் என்றால் 2012 முதல் ஏற்கிறார்கள், விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்க்கில் பதிவு செய்திருக்க வேண்டும். 1930க்குப் பிறகு வந்த பேரினம் என்றால் வேறுபாட்டை வார்த்தையில் சொல்லி, மாதிரி இனம் எது என்றும் குறிக்க வேண்டும். அந்த இனமும் புதிதென்றால், எந்த ஒற்றைப் பூச்சி அதன் ஹோலோடைப், அதாவது அந்தப் பெயருக்குச் சாட்சியாக நிற்கும் அசல், அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்று எழுத வேண்டும். ஹோலோடைப்புக்குச் சிவப்புச் சீட்டு குத்துவது வழக்கம். நான் குத்தியிருக்கிறேன். கை நடுங்கும்.

நீங்கள் ஏமாந்தது உண்டா?

உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், விடுமுறைக்கு வந்தபோது பழைய கித்தாத் தோட்டத்து ஓரத்தில் ஒன்றைப் பிடித்தேன். பெரிய தொடையில் முள்ளே இல்லை. அட்டவணையில் எங்கும் சேரவில்லை. புதுப் பேரினம் என்று முடிவே கட்டிவிட்டேன். மைலோ டின்னில் போட்டு அலமாரி மேல் வைத்தேன். மூன்றாம் நாள் திறந்தால் எறும்பு. இரண்டு இறக்கையும் ஒரு காலும்தான் மிச்சம். அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். ஆய்வாளர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இது நடுக்கால். நீ பெரிய தொடை என்று பார்த்தது எது?" என்றார். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் நான் எதைப் பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இறக்கையை வைத்துப் பார்த்தால் எங்கும் கிடைக்கிற சாதாரணப் பேரினம்.

செம்பனைக்குக் கெடுதலா?

பாப்புவா நியூ கினியில் செக்ஸாவா என்று சொல்லும் கூட்டம் செம்பனை ஓலையைத் தின்று தீர்க்கிறது, அதுவும் இந்தக் குடும்பம்தான். இங்கே செம்பனைக்காரர்களின் தலைவலி ஓலைத் துணுக்கில் பை கட்டித் தொங்கும் புழுவும் காண்டாமிருக வண்டும். நெல்வயலில் கோனோசெஃபலஸ் என்ற நீளக்கொம்பன் தண்டுத் துளைப்பானின் முட்டைகளைத் தின்னும். மருந்தடிக்கிறவர்கள் யோசிக்கலாம்.

நாங்கள் ஒன்றைப் பிடித்தால் என்ன செய்வது?

வனக்காப்புப் பகுதிக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்து பிடிக்காதீர்கள். உயிரியல் வளம் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது, ஆராய்ச்சிக்கு எடுப்பதென்றால் அதற்கும் வழி கேட்க வேண்டும். வீட்டு வாசல் விளக்குக்கு வந்தது என்றால் முதலில் உயிரோடு படம் எடுங்கள்: மேலிருந்து, பக்கவாட்டில், முகம் நேராக, முன்கால் காது தெரியும்படி. செத்ததும் பச்சை போய் வைக்கோல் நிறமாகிவிடும், அப்புறம் படம் எடுத்துப் பயனில்லை. இடம், தேதி, நேரம், எந்தச் செடியில் இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். சீட்டு இல்லாத பூச்சி வெறும் குப்பை, எத்தனை அபூர்வமானாலும். கெப்போங்கில் வன ஆராய்ச்சிக் கழகத்திலும், பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகத்திலும் பூச்சிச் சேகரிப்புகள் உண்டு, படத்தை அங்கே காட்டிக் கேட்கலாம்.

பிடிக்கும்போது பின்காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். காலை உங்கள் கையில் விட்டுவிட்டுப் பூச்சி போய்விடும். டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகுங்கள். மைலோ டின் வேண்டாம்.